14 டைவோடு மாலத்தீவு சஃபாரிப் படகில் ஏறலாமா?

கேள்வி இதுதான்: அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா டைவிங்கின் முதல் படிப்பான ஓப்பன் வாட்டரை முடித்திருக்கிறீர்கள். அங்கேயும் புதுச்சேரியிலுமாக இதுவரை 14 டைவ். நண்பர்கள் நாலு பேர் வரும் பிப்ரவரியில் மாலத்தீவில் 7 இரவுக்கு, படகிலேயே தங்கி டைவ் செய்யும் சஃபாரிப் படகு பேசி வைத்திருக்கிறார்கள். நீங்களும் சேரலாமா, டைவ் செய்யாத மனைவியையும் கூட்டிப் போகலாமா, கடலில் போனால் தலைசுற்றுமே அதற்கு என்ன வழி?

என் பதில்: இந்தப் பிப்ரவரி வேண்டாம். அடுத்த பிப்ரவரியில் தாராளமாகப் போங்கள். மனைவி விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு வேறு வழி இருக்கிறது.

ஏன் வேண்டாம் என்கிறேன்? எல்லோரும் ஆழத்தைத்தான் யோசிக்கிறார்கள். மாலத்தீவில் ஆழம் பிரச்சினையே இல்லை. பொழுதுபோக்கு டைவுக்கு அந்த நாட்டுச் சட்டமே 30 மீட்டர்தான் எல்லை என்கிறது. உங்களைச் சோதிப்பது நீரோட்டம். புதுச்சேரியிலும் ஹேவ்லாக்கின் பயிற்சி இடங்களிலும் நீங்கள் பார்த்தது நீரோட்டமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நீர் ஏன் அப்படி ஓடுகிறது என்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மாலத்தீவு என்பது கடலுக்கடியில் வடக்கு தெற்காக ஓடும் ஒரு மலைத்தொடரின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் பவளப்பாறை வளையங்கள். ‘அடோல்’ என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லே அவர்களுடைய திவேகி மொழியின் ‘அதொளு’விலிருந்து போனதுதான். ஒவ்வொரு வளையத்துக்கும் நடுவில் அமைதியான காயல், வெளியே இந்துமகா சமுத்திரம். வளையத்தில் அங்கங்கே இருக்கும் வாசல்களைக் ‘கண்டு’ என்பார்கள். பருவக்காற்று தள்ளுகிற தண்ணீரும் ஓதம் ஏறி இறங்குகிற தண்ணீரும் இந்த வாசல்கள் வழியாகத்தான் உள்ளே வெளியே போயாக வேண்டும். மதகு திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் எப்படிப் பாயும்? அதே கதைதான், அளவு மட்டும் கடல் அளவு.

அந்த மதகு வாயில்தான் சுறாக்கள் நிற்கின்றன. வெளிக்கடலிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் நேரத்தில் தெளிவாக இருக்கும். சாம்பல் சுறாக்கள் அந்த ஓட்டத்தை எதிர்த்து வாலைக்கூட அதிகம் ஆட்டாமல் மிதந்து நிற்கும். அதைப் பார்க்கத்தான் இவ்வளவு செலவு செய்து போகிறோம். பார்க்க வேண்டுமானால் நீங்களும் அந்த வாசலின் விளிம்பில், பெரும்பாலும் 25 மீட்டருக்குக் கீழே, உயிர்ப்பவளம் இல்லாத வெறும் பாறையில் கயிற்றுக் கொக்கியை மாட்டிக்கொண்டு பட்டம் போல ஆட வேண்டும். ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். சான்றிதழை விடுங்கள், அங்கே முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதற்றமில்லாமல் வெளியேற்றத் தெரிய வேண்டும். தலையைப் பக்கவாட்டில் திருப்பினாலே ஓட்டம் முகமூடியைத் தூக்கிவிடும்.

காற்றுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 30 மீட்டரில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல நாலு மடங்கு. அதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் நாலு மூச்சுக் காற்று டேங்கிலிருந்து போகிறது. அதோடு ஓட்டத்தை எதிர்த்துக் காலை உதைத்தால் மூச்சு வாங்கும். 14 டைவ் அனுபவத்தில் யாருக்குமே மூச்சு சீராக இருக்காது, எனக்கும் இல்லை. டேங்கில் 200 பார் காற்றழுத்தத்தோடு இறங்கியவர் 15 நிமிடத்தில் 80 பாருக்கு வந்து நிற்பார். உங்களால் குழுவே சீக்கிரம் மேலே வர நேரிட்டால், நண்பர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இரவுச் சாப்பாட்டில் யாரும் உங்கள் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்!

என் கதை ஒன்று. முதல் சஃபாரியில் எனக்கு முப்பதுக்குச் சற்று மேல் டைவ் இருந்தது, போதும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் ஒரு வாசலில் இறங்கினோம். நீர் உள்ளே வரும் என்று சொல்லி இறக்கினார்கள். பாதி டைவில் அது திரும்பி வெளியே ஓட ஆரம்பித்தது. பாறையைப் பிடிக்கும் முன் எனக்குக் கீழே நீலம் மட்டும்தான். கூட வந்தவரும் நானும் ஒருவரை ஒருவர் விடாமல் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, படகுக்கு இடத்தைக் காட்டும் குழாய்ப் பலூனை மேலே அனுப்பி, எழும்பிப் பார்த்தால் படகு தீப்பெட்டி அளவில் தெரிகிறது. வந்து எங்களை ஏற்றிக்கொள்ள அரை மணி நேரம் ஆனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஆரஞ்சுப் பலூன் இல்லாமல், அதை நீருக்கடியிலிருந்து விடத் தெரியாமல் இருந்திருந்தால், அலைகளுக்கு நடுவே இரண்டு கறுப்புத் தலைகளை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதனால் சொல்கிறேன், கேமரா வாங்கும் முன் பலூன் வாங்குங்கள். வாங்கிப் பையில் வைத்தால் போதாது. நீச்சல் குளத்தில் பத்துத் தடவையாவது விட்டுப் பழகுங்கள். நூல் விரலில் சுற்றிக்கொண்டால் அது உங்களையும் சேர்த்து மேலே இழுக்கும். அந்தத் தப்பைக் குளத்திலேயே செய்து முடித்துவிடுவது நல்லது.

நல்ல படகில் இந்த மாதிரி நடப்பது குறைவு. ஒவ்வொரு டைவுக்கும் முன்னால் வழிகாட்டி தானே தண்ணீரில் குதித்து ஓட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று பார்த்துவிட்டு வந்துதான் மற்றவர்களை இறக்குவார். நீங்கள் போகும் படகில் அதைச் செய்கிறார்களா என்று முன்பதிவுக்கு முன்பே கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். எட்டுக்கு மேல் சொன்னால் வேறு படகு பாருங்கள்.

அப்படியானால் இடைப்பட்ட ஒரு வருடத்தில் என்ன செய்வது? அடுத்த நிலைப் படிப்பான அட்வான்ஸ்டை முடியுங்கள், 30 மீட்டர் வரை போகலாம். நைட்ராக்ஸ் படிப்பையும் சேர்த்து முடியுங்கள். ஒரு நாளில் முடிகிற படிப்பு, ஆனால் சஃபாரியில் இதைவிடப் பயனுள்ள அட்டை கிடையாது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், நைட்ராக்ஸில் வழக்கமாக 32. அந்த அளவுக்கு நைட்ரஜன் குறைகிறது, உடம்பில் தேங்குவதும் குறைகிறது. ஒரு நாளுக்கு மூன்று டைவ், ஏழு நாளில் 17, 18 என்று போகும்போது இந்த வித்தியாசம் உங்கள் கைக்கடிகாரக் கம்ப்யூட்டரில் கூடுதல் டைவ் நேரமாக நிமிடம் நிமிடமாகத் தெரியும். ஒரு பக்கம் நன்மை, மறுபக்கம் கண்டிப்பு: 32 சதவீதத்தோடு சுமார் 34 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பு வரலாம். அதனால்தான் ஒவ்வொரு டேங்கையும் அளவுக் கருவி வைத்து நீங்களே அளந்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்தில் இருப்பவரிடம் ‘நீயே பார்த்துப் போடு’ என்று சொல்லும் வேலை வேண்டாம். கம்ப்யூட்டரும் ஆளுக்கு ஒன்று. கணவன் மனைவிக்கு ஒன்று போதும் என்கிற சிக்கனம் இதில் செல்லாது.

மொத்தம் 50 டைவ், அதில் குறைந்தது பத்து ஓட்டமுள்ள தண்ணீரில். இந்தக் கணக்கு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்யுங்கள்.

இனி, பிப்ரவரி நல்ல மாதமா? நல்ல மாதம்தான், ஆனால் எங்கே போகிறது படகு என்பதைப் பொறுத்தது. சுமாராக டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்று. ஓட்டம் கிழக்கிலிருந்து மேற்கே. கிழக்குப் பக்க வாசல்களில் கண்ணாடி போன்ற தண்ணீர் உள்ளே வரும், சுறாவுக்கு அந்தப் பக்கம். வாவு அடோலின் ஃபொட்டேயோ வாசல் அதற்குப் பேர்போனது. அதே தண்ணீர் அடோலைக் கடந்து மேற்குப் பக்கம் வெளியேறும்போது மிதவை உயிர்களைச் சுமந்து கலங்கலாக வரும், அதைத் தின்ன மாண்டா திருக்கைகள் மேற்கே கூடும். தெற்கு ஆரி அடோலில் ரங்காலி பக்கம் பாருங்கள். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்றில் எல்லாம் தலைகீழ்: மாண்டாக்கள் கிழக்கே வந்துவிடும், வடக்கு மாலே அடோலில் லங்கன் பாறை, பா அடோலில் ஹனிஃபாரு குடா. ஹனிஃபாருவில் டேங்க் மாட்டி இறங்க அனுமதியே இல்லை, முகமூடியும் மூச்சுக்குழாயும் மட்டும்தான். பா அடோல் 2011 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். ஆகையால் பிப்ரவரியில் போகும் படகின் விளம்பரத்தில் ஹனிஃபாரு மாண்டாப் படம் இருந்தால், அது விளம்பரம் என்றுதான் அர்த்தம்.

இந்தக் கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பவளம். வண்ண வண்ணப் பவளத்தோட்டம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். 1998இல் கடல் சூடேறி ஆழமில்லாத இடங்களில் இருந்த கடினப் பவளங்களில் பெரும்பகுதி வெளிறிச் செத்தது. தேறி வந்தபோது 2016இல் மறுபடி, 2024இல் இன்னொரு முறை. பாறை மேல்தளத்தில் உடைந்த சுண்ணாம்புக் குச்சிகள் கிடப்பதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். ஆனால் கொஞ்சம் கீழே, பாறையின் குடைவுகளுக்குள் டார்ச் அடித்தால் மஞ்சளும் ஊதாவுமாக மென்பவளங்கள் விட்டத்திலிருந்து தொங்கும். அந்தக் குடைவுகளைத்தான் நான் இப்போதெல்லாம் தேடிப் போகிறேன். மற்றபடி மாலத்தீவு மீனுக்கான இடம், பெரிய மீனுக்கான இடம். 2010இல் சுறாப் பிடிப்பை நாடு முழுக்கத் தடை செய்தார்கள், அதன் பலனைக் கண்ணால் பார்க்கிறோம்.

தெற்கு ஆரியின் வெளிப்பாறையில் திமிங்கிலச் சுறா ஆண்டு முழுவதும் உண்டு, பெரும்பாலும் முழு வளர்ச்சி அடையாத ஆண்கள். ஒரு மீனைச் சுற்றி ஏழெட்டுப் படகுகள், முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் குதிப்பது என்று நடக்கும்போது எனக்கு வெட்கமாக இருக்கும். நான் அதில் ஒருமுறை இறங்கினேன், அப்புறம் படகிலேயே உட்கார்ந்துகொண்டேன். வாவு அடோலில் அலிமத்தா தீவின் இரவு டைவும் எனக்கு இரண்டு மனம்தான். டஜன் கணக்கில் செவிலிச் சுறாக்களும் திருக்கைகளும் உங்கள் மேல் உரசிக்கொண்டு போகும், மறக்கவே முடியாது. ஆனால் மீன் கழிவைக் கொட்டிப் பழக்கியதால் வந்த கூட்டம் அது, கோயில் குளத்தில் பொரிக்கு வருகிற மீன் மாதிரி. மாயா திலாவின் இரவு டைவுக்கு ஒருவரும் இரை போடுவதில்லை, வெண்முனைச் சுறாக்கள் தாங்களாகவே வேட்டையாடும். இரண்டில் ஒன்று என்றால் நான் மாயாவைத்தான் எடுப்பேன். ‘திலா’ என்றால் நீருக்குள்ளேயே முடிந்துவிடும் பாறைக் குன்று.

படகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விடிந்தும் விடியாமல் கதவைத் தட்டுவார்கள். ஒரு டீ, ஒரு பிஸ்கட், பலகையில் படம் வரைந்து விளக்கம், ஆறரை ஏழுக்குள் தண்ணீரில். மேலே வந்து காலைச் சாப்பாடு. பதினொன்று வாக்கில் இரண்டாவது, மூன்று மணி வாக்கில் மூன்றாவது, சில நாள் இரவில் நாலாவது. இடையில் தூக்கம். உண்மையில் நாலாம் நாளிலிருந்து எல்லோரும் தூங்கிக்கொண்டேதான் இருப்பார்கள். களைப்பு வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. ஒரு டைவை விட்டுவிட்டுப் படுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் படுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் காதில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். சஃபாரியைக் கெடுப்பது சுறா இல்லை, காது. சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம்.

டேங்குகளும் கம்ப்ரசரும் பெரிய படகில் இருக்காது. கூடவே வரும் தோனியில் இருக்கும். ஆமாம், நம் தோணிதான், உச்சரிப்பு கொஞ்சம் மாறியிருக்கிறது. டைவுக்கு அதில் ஏறித்தான் போக வேண்டும். இந்த ஏற்பாட்டால் படுக்கும் படகில் சத்தமும் புகையும் ஈரமும் இல்லை, பெரிய வசதி.

தலைசுற்றலுக்கு வருகிறேன். அடோலுக்குள் படகு குளத்தில் நிற்பது போலத்தான் நிற்கும். ஒரு அடோலிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் சில மணி நேரம்தான் ஆட்டம். அந்த நேரத்தில் அறைக்குள் போகாதீர்கள், மேல்தளத்தில் தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருங்கள். போன் பார்க்கக் கூடாது. வயிறு காலியாகவும் இருக்க வேண்டாம், நிரம்பவும் வேண்டாம். நம் ஊரில் எல்லோரும் போடும் அவோமின் மாத்திரை தூக்கத்தை வரவழைக்கும், அதைப் போட்டுக்கொண்டு 30 மீட்டருக்கு இறங்குவது நல்ல யோசனை இல்லை. டைவ் மருத்துவம் தெரிந்த டாக்டரிடம் கேட்டு, ஊரிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள். அவரையே பார்த்து ஆஸ்துமா, சைனஸ், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கேட்டுவிடுங்கள். படகில் தரும் மருத்துவப் படிவத்தில் ஒரு ‘ஆம்’ இருந்தாலும் டாக்டர் கையெழுத்து கேட்பார்கள், நடுக்கடலில் டாக்டரைத் தேட முடியாது. டைவ் காப்பீடும் எடுத்துவிடுங்கள். நைட்ரஜன் தேங்கி வரும் டைவ் நோய்க்கான அழுத்த அறைச் சிகிச்சை பாண்டோஸ் போன்ற தீவுகளில் உண்டு, ஆனால் காப்பீடு இல்லாமல் அந்த பில்லைப் பார்த்தால் மறுபடி நோய் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். 2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிஃபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவ் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். தீ எதிலிருந்து வந்தது என்பதை விசாரணையில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் இரவில் ரோந்து சுற்ற ஆள் இல்லை என்பது உறுதியானது. அதனால் படகில் ஏறியதும் நான் கேட்கும் முதல் கேள்வி, ராத்திரி முழித்திருப்பது யார் என்பதுதான். இரண்டாவது, என் அறையிலிருந்து வெளியேற இன்னொரு வழி எது. டார்ச், கேமரா பேட்டரிகளைப் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சார்ஜ் போடுங்கள். தூங்கும் அறையில் கூடாது.

சாப்பாடு நமக்குப் பழகியதுதான். காலையில் மாஸ் ஹுனி வைப்பார்கள்: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, கூடவே ரொஷி என்ற சப்பாத்தி. மாசிக் கருவாட்டுச் சம்பல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், ஏறிய பிறகு சொன்னால் ஏழு நாளும் பருப்பும் உருளைக்கிழங்கும்தான்.

செலவில் ஒரு எச்சரிக்கை. விளம்பர விலையோடு நைட்ராக்ஸ், வாடகைக் கருவி, ஊழியர் அன்பளிப்பு எல்லாம் சேரும். பசுமை வரி 2025 ஜனவரி முதல் படகுகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர். இந்தியக் கடவுச்சீட்டுக்குச் சுற்றுலா விசா இறங்கியதும் இலவசம், ஆனால் கிளம்புவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமூகா என்ற பயணிகள் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். மது பாட்டில் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது மனைவி. டைவ் செய்யாதவருக்கு ஏழு நாள் சஃபாரிப் படகு சிறை மாதிரி. எல்லோரும் கடலுக்குள், அவர் தளத்தில், நாங்கள் மேலே வந்ததும் பேசுவதும் சுறாவைப் பற்றியே. அதனால் இந்தப் பிப்ரவரியில் நண்பர்களைப் படகில் அனுப்பிவிட்டு நீங்கள் இருவரும் தெற்கு ஆரியில் திகுரா மாதிரி ஊர்த் தீவில் விருந்தினர் விடுதி எடுங்கள். நீளமான மணல்திட்டு, ஊர்க்காரர்கள், அமைதி. திமிங்கிலச் சுறாவை அவர் மூச்சுக்குழாயோடே பார்க்கலாம் (படகுக் கூட்டம் குறைவான காலை நேரத்தில் போங்கள்). நீங்கள் தினம் இரண்டு டைவாக, பழகிய ஒரே வழிகாட்டியோடு, லேசான வாசல்களில் தொடங்கி ஓட்டத்தைப் பழகலாம். பத்து டைவ் அதிலேயே சேர்ந்துவிடும். அட்வான்ஸ்டும் அங்கேயே முடித்துவிடலாம். ஊர்த் தீவு என்பதால் கடற்கரையில் உடை விதிகள் உண்டு, நீச்சலுடைக்கு என்று தனிக் கரை ஒதுக்கியிருப்பார்கள்.

எப்படிப் போனாலும் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 24 மணி நேரம் விடுங்கள். 18 மணி நேரம் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. பல நாள் தொடர்ந்து இறங்கிய உடம்புக்கு நான் 24தான் வைத்துக்கொள்கிறேன். அந்த நாளைத் தலைநகர் மாலேயில் கழியுங்கள். வடக்குக் கரையில் மீன் சந்தை, தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை மீன்கள் தரையில் வரிசையாகக் கிடக்கும். பக்கத்துச் சந்தையில் மாசி வாங்கலாம். இரண்டு கவரில் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், ஈர வெட்சூட் இருக்கும் பையில் மட்டும் வைக்க வேண்டாம். நான் வைத்தேன். அந்த சூட்டை அப்புறம் மொட்டை மாடியில் இரண்டு வாரம் காயப்போட்டும் பூனை வந்து நின்றது.